கப்பலூரில் ஒரு வேலை, உயர்நீதிமன்றப் பக்கம் ஒரு வேலை: மதுரைக்கு வெளியே எந்த ஊரில் குடியேறலாம்?

செல்லூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். செல்லூரில் பதினோரு ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறோம். 2024 அக்டோபர் மழையில் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்காலும் தாங்காமல் தெருவுக்குள் புகுந்த தண்ணீர், எங்கள் வீட்டில் கட்டில் சட்டம் வரை ஏறி நின்றது. அம்மாவைக் கைத்தாங்கலாக மாடி வீட்டில் ஏற்றிவிட்டு, அரிசிப் பையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் பரணில் போட்டுவிட்டு விடிய விடிய விழித்திருந்தோம். இனி இங்கே இருப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். எங்கே போவது என்பதில்தான் ஓராண்டுக்கு மேலாக இழுபறி.

வீட்டு நிலவரம் இதுதான். எனக்கு நகருக்குத் தெற்கே கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை, வாரத்துக்கு வாரம் மாறும் ஷிப்ட். மனைவி வடகிழக்கே மேலூர்ச் சாலையில் உயர்நீதிமன்றக் கிளைக்கு அருகில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறார். மகள் தல்லாகுளத்தில் ஒன்பதாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. முழங்கால் வலி, சர்க்கரை. மாதம் ஒரு முறை ராஜாஜி மருத்துவமனைக்குப் போய் மாத்திரை வாங்கி வர வேண்டும்.

கையிருப்போடு நகைக்கடனும் சேர்த்தால் திருமங்கலம் பக்கத்தில் மூன்று சென்ட் மனை வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. வேலைக்கும் பத்து நிமிடத்தில் போய்விடுவேன். நீங்கள் எந்த ஊரைச் சொல்வீர்கள்?

திருநகர்ப் பெரியவர்

தம்பி, நான் திருநகரில் முப்பத்தெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரவர் ஊரை அவரவர் புகழ்வது இயற்கை. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

திட்டமிட்டு நேராகப் போட்ட தெருக்கள், முதல் ஸ்டாப், இரண்டாவது ஸ்டாப் என்று எண்ணைச் சொன்னாலே வந்து இறக்கிவிடும் ஆட்டோக்கள், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடங்கள், காய்கறிக் கடைகள் எல்லாம் இங்கே உண்டு. பக்கத்திலேயே ஹார்விபட்டி, ஹார்வி மில் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு என்பதை அந்தத் தெரு அமைப்பே சொல்லும். 2011-இல் மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தபோது திருப்பரங்குன்றம், அவனியாபுரம், ஆனையூர் ஆகியவற்றோடு நாங்களும் உள்ளே வந்தோம். வீட்டு வரி கூடியதென்னவோ உண்மை. ஆனால் குப்பை வண்டி வரவில்லை என்றால் தொலைபேசியில் கேட்பதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. ஊராட்சியில் அந்த வசதியைப் பெரிதாக எதிர்பார்க்க முடியாது.

குறையும் உண்டு. முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்தைத் தாண்டிப் போவது பெரும்பாடு. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வேறு. அந்த நாட்களில் நாங்கள் எல்லோரும் பால் பாக்கெட்டை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடுவோம்.

செல்லூர்க்காரன்

ஐயா, திருநகரில் இரண்டு வீடுகளை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்தோம். ஊர் பிடித்திருந்தது, அவர்கள் கேட்ட தொகைதான் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் இன்னும் சற்றுத் தெற்கே தள்ளித் திருமங்கலத்தைப் பார்க்கிறேன்.

சங்கிலியும் கோலும்

நில அளவைத் தொழிலில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மனை வாங்கப் போவதாகச் சொன்னதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் ஒரு கண்மாயின் தண்ணீர் தேங்கும் உள்வாயிலோ, கரையின் கீழோ, நிரம்பி மறுகால் பாய்கிற வழியிலோதான் நிற்பீர்கள். நிலையூர், தென்கால், வண்டியூர், உலகனேரி என்று சொல்லிக்கொண்டே போகலாம். உயர்நீதிமன்றக் கிளையே உலகனேரிக் கண்மாயின் நிலத்தில்தான் எழுந்து, 2004-இல் திறக்கப்பட்டது. ஆகவே "கண்மாய் இல்லாத இடம்" என்று தேடாதீர்கள், கிடைக்காது. நிரம்பினால் தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும் என்று தேடுங்கள்.

அதற்கு ஆவணமும் வேண்டும், கண்ணும் வேண்டும். பட்டா, சிட்டா, ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேடு, நிலத்தின் அளவு வரைபடமான புலப்படம் ஆகியவற்றை அரசின் இணையத் தளத்திலேயே பார்த்துவிடலாம். புலப்படத்தில் உங்கள் மனையின் எல்லையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பக்கத்துச் சர்வே எண் 'அ' பதிவேட்டில் வாய்க்கால் என்றோ ஓடை என்றோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இன்றைக்கு அங்கே தார்ச்சாலை இருக்கலாம். மழைக்கு அந்தத் தார்ச்சாலையைத் தெரியாது, பழைய ஓடையைத்தான் தெரியும்.

பிறகு நேரில் போய், விற்பவர் உடன் இல்லாத ஒரு நாளில், அக்கம்பக்கத்தில் நடந்து பாருங்கள். சுற்றுச்சுவரில் தரையிலிருந்து ஒன்றரை, இரண்டு அடி உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடினால் அது தண்ணீர் நின்ற அளவு; வெள்ளையடித்திருந்தாலும் உப்புப் பூத்து மேலே வந்துவிடும். காலி மனையில் கோரை மண்டியிருந்தால் ஈரம் போகாத நிலம் என்று பொருள். தெருவில் நான்கைந்து வீடுகளில் மின்சார மீட்டர் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல் மாட்டியிருந்தால், ஏன் என்று அந்த வீட்டு அம்மாக்களிடம் கேளுங்கள். அவர்கள் ஒளிக்க மாட்டார்கள்.

அங்கீகாரம் பெற்ற மனையா என்பதையும் கவனியுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் அங்கீகாரம் இல்லாமல் போடப்பட்ட மனைப்பிரிவுகளை முறைப்படுத்தத்தான் வரன்முறைத் திட்டம் வந்தது. அதற்குப் பிறகு அங்கீகாரம் இல்லாமல் பிரித்த மனையை "பின்னால் சரிசெய்து கொள்ளலாம்" என்று சொல்லி யாராவது விற்றால், எழுந்து வந்துவிடுங்கள். பத்திரச் செலவையும் மறந்துவிட வேண்டாம். முத்திரைத்தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு. நகைக்கடன் வாங்கி மனை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் கணக்கில் விட்டுவிடுவது இந்தத் தொகையைத்தான்.

வெற்றிலைக்கொடி

சோழவந்தானிலிருந்து எழுதுகிறேன். திண்டுக்கல் பாதையில் ரயில் நிலையம், வைகைக் கரை, நல்ல தண்ணீர், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை எல்லாம் இருக்கின்றன. சீசன் டிக்கெட் எடுத்து மதுரைக்குப் போய் வருகிறவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். ஆனால் மதுரை சந்திப்பில் இறங்கி, அங்கிருந்து நீங்கள் ஒரு திசைக்கும் உங்கள் மனைவி எதிர்த் திசைக்கும் இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும் என்பதால், எங்கள் ஊர் உங்களுக்கு ஒத்துவராது. ரயில் நிலையத்தை ஒட்டி வேலை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதினேன்.

ரிங்ரோடு

உங்கள் இரண்டு வேலைகளையும் இணைக்கிற பாதை ஒன்று ஏற்கெனவே இருக்கிறதே! உயர்நீதிமன்றக் கிளைக்குப் பக்கத்தில் உத்தங்குடியில் தொடங்கிக் கப்பலூரில் முடியும் சுற்றுச் சாலை ஏறத்தாழ 27 கிலோமீட்டர். நடுவில் விரகனூர், அதைத் தாண்டினால் மண்டேலா நகர். நடுவில் வீடு பிடித்தால் இருவருக்கும் பாதித் தூரம்தானே. சிலைமான் பக்கம் என்றால் மானாமதுரை பாதையில் ரயில் நிலையமும் உண்டு. வைகையை ஒட்டிய பகுதி என்பதால் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவிருக்காது.

அவனியாபுரத்தை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். காற்று வெள்ளைக்கல் பக்கத்திலிருந்து வீசும் நாட்களில் குப்பைக் கிடங்கின் நெடி வீட்டுக்குள் வந்துவிடும். அங்கே இருந்த நான்கு ஆண்டுகளில் நாங்கள் துணியை மொட்டைமாடியில் காயப்போட்டதே குறைவு.

சங்கிலியும் கோலும்

விரகனூரைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த இடத்துக்கு வரும் வைகை, நகரம் முழுவதையும் கடந்து வருகிற வைகை. தண்ணீர் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் நல்லது. வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் குழாய்களும் கீசரும் உங்களுக்கு முன்னால் வயதாகிவிடும்.

எட்டுமணி பஸ்

நான் செவிலியர். பத்தொன்பது ஆண்டுகளாக டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். இத்தனை பேர் எழுதியதையும் படித்தேன். மனையைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் வந்த அறிவுரைகள் அருமை. ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

நடுவில் வீடு எடுத்தால் இருவருக்கும் பாதித் தூரம் என்கிறார் நண்பர் ரிங்ரோடு. அது இருசக்கர வாகனம் வைத்திருப்பவர் போடும் கணக்கு. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்திலிருந்து தெற்கே போகும் வெளியூர் பஸ்கள் சுற்றுச் சாலையில்தான் போகின்றன. நீங்கள் கைகாட்டும் இடத்திலெல்லாம் அவை நிற்காது. காலை எட்டு மணிக்குச் சாலையோரத்தில் ஒரு பெண் ஷேர் ஆட்டோவுக்காக நிற்பதையும், பெரியார் நிலையத்துக்கோ மாட்டுத்தாவணிக்கோ ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வரும் சாலையில் நிற்பதையும் ஒன்றாக வைத்துப் பார்க்காதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த பஸ் அடிக்கடி வருகிற ஊரில் வீடு எடுத்தால் உங்கள் மனைவியின் போக்குவரத்துச் செலவு அப்படியே மிச்சம். வராத ஊரில் எடுத்தால் அந்த வசதி இருந்தும் இல்லாததுதான்.

உங்கள் முதல் பதிவில் நீங்கள் எவ்வளவு நேரத்தில் வேலைக்குப் போவீர்கள் என்பது இருக்கிறது. மற்ற நால்வருக்கும் எவ்வளவு நேரமாகும் என்பது இல்லை. உங்கள் மனைவி எந்த ஊரைச் சொல்கிறார்?

செல்லூர்க்காரன்

நியாயமான கேள்விதான், அக்கா. ஆனால் திருமங்கலத்துக்கு நான் ஆசைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெட்ரோ ரயில் திட்டம் திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரைதானே, 32 கிலோமீட்டர்? அதன் இரண்டு முனைகளும் எங்கள் இருவர் வேலையிடத்துக்கும் பக்கத்தில்தான் வருகின்றன. பக்கத்தில் தோப்பூரில் எய்ம்ஸ் வருகிறது. இரண்டும் வந்துவிட்டால் இன்றைய விலைக்கு அங்கே ஒரு சென்ட் கூட வாங்க முடியாது என்று மனை காட்டியவர் சொன்னார்.

சங்கிலியும் கோலும்

மனை காட்டுகிறவர் வேறு என்ன சொல்வார்?

2025 நவம்பரில் ஒன்றிய அரசு மதுரை, கோவை இரண்டின் மெட்ரோ அறிக்கைகளையும் திருப்பி அனுப்பிவிட்டது. 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற விதியைக் காரணம் காட்டியது. நாளைக்கே நிலைமை மாறலாம். ஆனால் மகள் பத்தாம் வகுப்புக்குப் போவது நாளைக்கே. எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி; முதல் அணி மாணவர்கள் 2022-இல் சேர்ந்தது ராமநாதபுரத்தில். தோப்பூரில் கட்டடம் எழும்பத் தொடங்கியது அதற்கும் பின்னால்தான். வரப்போவதற்கு இன்றைக்கே விலை கொடுப்பவர்கள் காத்திருக்கும் வசதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். நகைக்கடன் அப்படிக் காத்திருக்க விடாது.

திருமங்கலம் நல்ல ஊர். நகராட்சி, ரயில் நிலையம், அரசு மருத்துவமனை, உசிலம்பட்டி வரைக்கும் உள்ள கிராமங்கள் வந்து போகும் கடைவீதி என்று தன்னிறைவான ஊர். குடும்பத்தில் அத்தனை பேருடைய வேலையும் தெற்கே இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

செல்லூர்க்காரன்

வணக்கம். இந்தக் கணக்கிலிருந்து அவருடைய மனைவி எழுதுகிறேன். நேற்றிரவு அவர் போனை என்னிடம் கொடுத்து, "நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்.

திருமங்கலம் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வேண்டும் என்றும் சொன்னதில்லை. சென்ற மாதம் ஒருநாள் விடுப்புப் போட்டு, யாரிடமும் சொல்லாமல், திருமங்கலத்திலிருந்து என் அலுவலகத்துக்கு வந்து பார்த்தேன். காலை ஏழேகாலுக்கு டவுன் பஸ் ஏறினேன். பெரியாரில் இறங்கி மேலூர்ச் சாலை பஸ் மாறி, கோரிப்பாளையத்தில் பாலம் வேலைக்காக நின்று நின்று, அலுவலக வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது பத்து. திரும்பி வர அதைவிடக் கூடுதலாக ஆகும். அலுவலகத்தில் ஆறரைக்குக் குறைந்து விடமாட்டார்கள். வழக்குப் பட்டியல் வருகிற நாளில் ஏழரையும் ஆகும். அப்படியானால் நான் வீட்டுக்கு வந்து உலை வைப்பது ஒன்பது மணிக்கு மேல். மகன் அதற்குள் தூங்கிவிடுவான்.

மகள் தல்லாகுளம் பள்ளியை விட மாட்டாள். பத்தாம் வகுப்பில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் புதுப் பள்ளியில் சேர்ப்பது சரியில்லை என்று அவளுடைய வகுப்பாசிரியரும் சொன்னார். அத்தைக்கு மாதம் ஒருநாள் மருத்துவமனை. அவர் பஸ் மாறி ஏறுவதற்குள் முழங்கால் வீங்கிவிடும்.

ஒத்தக்கடையில் இருந்தால் எனக்குப் பத்து நிமிடம். மகள் ஒரே பஸ்ஸில் தல்லாகுளம் போவாள். அத்தை அதே பஸ்ஸில் இன்னும் கொஞ்சம் போய், மருத்துவமனைக்குப் பக்கத்தில் கோரிப்பாளையத்தில் இறங்குவார். கஷ்டப்படுவது என் கணவர் ஒருவர்தான். இரவு ஷிப்ட் முடிந்து அந்த நாலுவழிச் சாலையில் தூக்கக் கலக்கத்தோடு இருபத்தேழு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருவாரே என்ற பயத்தில்தான் நான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

எட்டுமணி பஸ்

அந்தப் பயம் சாதாரணமானதல்ல, தங்கச்சி. விடியற்காலையில் சுற்றுச் சாலை விபத்து என்று அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் ஷிப்ட் முடிந்து வந்தவர்களாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒத்தக்கடைக்குப் போவதானால், அவர் வண்டியில் வராமல் இருக்க ஒரு வழி கிடைத்தால்தான் போக வேண்டும். தொழிற்பேட்டையில் உள்ள பெரிய நிறுவனங்கள் ஷிப்டுக்கு வேன் விடுகின்றன. பக்கத்துத் தொழிற்சாலை வேனாக இருந்தாலும் மாதம் ஒரு தொகை கொடுத்து ஏறிக்கொள்ள முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.

திருநகர்ப் பெரியவர்

தம்பியின் மனைவி எழுதியதைப் படித்த பிறகு திருநகரை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் வீட்டம்மா முப்பது ஆண்டுகள் திருநகரிலிருந்து புதூருக்கு ஆசிரியப் பணிக்குப் போய் வந்தார். ஓய்வு பெற்ற அன்று பஸ் பாஸைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். எதற்கு வெட்டுகிறாய் என்று கேட்டதற்கு, பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

சங்கிலியும் கோலும்

ஒத்தக்கடை என்றால் இப்போதைக்கு மனை வேண்டாம். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை வாடகைக்கோ, மொத்தமாக ஒரு தொகை கொடுத்து மாத வாடகை இல்லாமல் இருந்துவிட்டுக் கடைசியில் அதைத் திரும்பப் பெறும் ஒத்திக்கோ இருந்து, ஓர் ஐப்பசி கார்த்திகை மழையை அங்கேயே பாருங்கள். நரசிங்கம் பக்கம் ஆனைமலையில் விழுகிற மழை பாறையிலிருந்து வழிந்து எந்தத் தெரு வழியாக இறங்குகிறது என்பதை ஒரு மழையில் தெரிந்துகொள்ளலாம். எந்தப் புலப்படமும் அதைக் காட்டாது.

ஒத்திக்குப் போனால் வெள்ளைத்தாளிலோ வெறும் முத்திரைத்தாளிலோ எழுதிவிட்டுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, ஆனால் பதிவு செய்யாத ஒத்திக்குச் சட்டத்தில் வலு இல்லை. முதலில் வில்லங்கச் சான்று எடுத்து, வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். "பத்திரம் ஊரில் இருக்கிறது" என்று சொன்னால் அநேகமாக வங்கியில் இருக்கும். என் உறவினர் ஒருவர் மூன்று ஆண்டு ஒத்தி முடிந்த பிறகு பணத்தைத் திரும்பப் பெற இன்னும் மூன்று ஆண்டுகள் நடந்தார்.

செல்லூர்க்காரன்

இரண்டு மாதங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஒத்தக்கடையில், மேலூர்ச் சாலையிலிருந்து நரசிங்கம் போகும் வழியில், அம்மா மெதுவாக நடந்தாலும் ஏழு நிமிடத்தில் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடக்கூடிய ஒரு தரைத்தள வீட்டை ஒத்திக்கு எடுத்திருக்கிறோம். 5 லட்சம், மூன்று ஆண்டு, பதிவு செய்த பத்திரம். அதற்கு முன்பு பார்த்த இரண்டு வீடுகளில் ஒன்றின் பத்திரம் சொன்னபடியே "ஊரில்" இருந்தது.

வேன் கிடைத்துவிட்டது. எங்கள் நிறுவனத்துடையதல்ல, இரண்டு கட்டடம் தள்ளியுள்ள தொழிற்சாலையின் வேன். மாட்டுத்தாவணியில் ஏற்றிக்கொண்டு, அங்கேயே இறக்கிவிடுகிறது. இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது சிந்தாமணியைத் தாண்டுவதற்குள் தூங்கிப்போகிறேன். ஓட்டுநர்தான் எழுப்பிவிடுகிறார். திருமங்கலத்து மனைக்காரர் இன்னும் வாரம் ஒருமுறை அழைக்கிறார்; ஆசை முழுவதும் போகவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மகன் மூன்றாம் வகுப்புதான் என்பதால் இங்கேயே பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிட்டோம். அம்மா நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு இதற்குள் நான்கு முறை போய்விட்டு வந்துவிட்டார். முழங்கால் வலியைப் பற்றி அந்த நாட்களில் மட்டும் பேச்சே இல்லை.

ஒரு சந்தேகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்ததில் கரைந்த உப்பு 1,150 வந்திருக்கிறது. குடிக்கக் கேன் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் துணிக்குச் சோப்புப் போட்டால் நுரையே வருவதில்லை, பருப்பும் வேக மாட்டேன் என்கிறது. இதற்கு என்ன செய்வது?

எட்டுமணி பஸ்

பருப்பைக் கேன் தண்ணீரில் வேகவையுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். துணி ஊறவைக்கும் வாளியில் ஒரு கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துவிட்டு அரைமணி நேரம் கழித்துச் சோப்புப் போடச் சொல்லுங்கள், நுரை வரும். வெள்ளைச் சீருடையை மட்டும் மழைத்தண்ணீர் பிடித்து வைத்து அலசுங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தில் பழுப்பாகிவிடும்.

வாளியில் துணியைப் போட வேண்டியது யார் என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.